ஓய்வின் அறம்: ஒரு பாலைநிலப் பயணத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

உழைப்பின் அறம் பற்றி மெய்யியலாளர் மிகுதியாக எழுதியுள்ளனர். உழைப்பவனுக்குரிய கூலி யாது, சுரண்டல் எவ்வாறு நிகழ்கின்றது, தன் உழைப்பினின்று மனிதன் எவ்வாறு அந்நியப்பட்டுப் போகின்றான் என்பன நமது விரிவுரை மண்டபங்களிலும் விடுதி அறைகளிலும் நெடுநேரம் விவாதிக்கப்படுவன. ஓய்வு அத்தகைய கவனத்தைப் பெற்றதில்லை. உழைப்பு நின்றுபோன இடத்தில் எஞ்சுவதே ஓய்வு, அங்கே அறத்துக்கு என்ன வேலை என்ற எண்ணம் நம்மிற் பலரிடம் உண்டு. ஒருவர் தம் விடுமுறையைக் கழிக்கும் முறை அவருடைய சுவையைப் பொறுத்தது. அதனை ஒழுக்கத்தோடு தொடர்புபடுத்துவது மிகையானது என்று கருதுகின்றோம். இக்கருத்துப் பொருந்துமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

ஓய்வைப் பற்றிச் சிந்தித்த பழைய மெய்யியலாளருள் முதன்மையானவர் அரிஸ்ரோட்டில். இளைப்பாறுதலையும் ஓய்வையும் அவர் வேறுபடுத்தினார். இளைப்பாறுதல் மீண்டும் உழைப்பதற்காக உடலைத் தேற்றிக்கொள்ளல். அவ்வகையில் அது உழைப்பின் ஒரு பகுதியே. ஓய்வோ தன்னளவிலே பயனுடையது. மனிதன் சிந்திக்கவும் நட்பைப் பேணவும் தன் இயல்பை நிறைவு செய்யவும் வாய்க்கும் காலம் அது. நாம் உழைப்பதே ஓய்வு பெறுவதற்காகத்தான் என்று அவர் கொண்டார். உயர்ந்த கருத்து இது. எனினும் இக்கருத்து எழுந்த ஏதென்ஸ் நகரிலே ஓய்வு ஒரு சிலருக்கே உரியதாயிருந்தது. அவர்களுடைய வயல்களிலும் வீடுகளிலும் சுரங்கங்களிலும் அடிமைகள் உழைத்தனர். அடிமைமுறை இயற்கையானதென அரிஸ்ரோட்டில் நியாயமும் கற்பித்தார். ஓய்வின் சிறப்பை அத்துணைத் தெளிவாகக் கண்டவர், அது யாருடைய தோள்மீது தங்கியிருந்தது என்பதை ஒரு பிரச்சினையாகக் கொள்ளவில்லை.

இருபதாம் நூற்றாண்டு இந்நிலையை ஓரளவு மாற்றியது. சம்பளத்துடன் கூடிய விடுமுறை பற்றிய உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழில் தாபனம் 1936ஆம் ஆண்டு நிறைவேற்றியது. 1948இல் வெளியான மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனம் தன் 24ஆம் உறுப்புரையில் ஓய்வையும் ஒழிவுநேரத்தையும் ஒவ்வொரு மனிதனுக்கும் உரிய உரிமையாக ஏற்றுக்கொண்டது. தொழிலாளர் போராடிப் பெற்ற இவ்வுரிமையைக் குறைத்து மதிப்பிடுதல் எவ்வகையிலும் தகாது. ஆயின், உரிமை நமக்கு உண்டு என்பதனால் அதனைத் துய்க்கும் முறை பற்றிய வினா மறைந்துவிடுவதில்லை. பேச்சுரிமை உடையவன் எதனைப் பேசவேண்டும் என்று சிந்திக்கக் கடமைப்பட்டிருப்பதைப் போல, ஓய்வுரிமை உடையவனும் எங்கே, யாருடன், எவர் செலவில் ஓய்வெடுக்கின்றான் என்று சிந்திக்கவேண்டியவனாகின்றான்.

பொதுப்படப் பேசுவதிலும் ஓர் எடுத்துக்காட்டை ஊன்றி நோக்குதல் பயன் தரும். ஐக்கிய அமெரிக்காவிலே, கலிபோர்னியாவின் கிழக்கு எல்லையை ஒட்டி, மரணப் பள்ளத்தாக்கு எனப் பெயர்பெற்ற பாலைநிலம் ஒன்று உள்ளது. அதன் மிகத் தாழ்ந்த பகுதி கடல் மட்டத்துக்கு 86 மீற்றர் கீழே கிடக்கின்றது. ஆண்டு முழுவதிலும் அங்கே பெய்யும் மழை ஏறத்தாழ 50 மில்லிமீற்றர் மட்டுமே. 1913ஆம் ஆண்டு யூலை 10ஆம் திகதி அங்கு பதிவான 56.7 பாகை செல்சியஸ் வெப்பமே உலகின் மிக உயர்ந்த வளி வெப்பநிலையாக உலக வளிமண்டலவியல் நிறுவனத்தின் ஏட்டில் இடம்பெற்றுள்ளது. இத்தகைய நிலத்துக்கு இன்று ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் உல்லாசப் பயணம் செல்கின்றனர்.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வாழும் ஓர் இளந்தம்பதியரைக் கற்பனை செய்துகொள்வோம். இருவரும் வேலை பார்ப்பவர்கள். நகரத்தின் இரைச்சலும் அலுவலகத்தின் நெருக்கடியும் அவர்களைக் களைப்படையச் செய்துள்ளன. மாரிகாலத்தில் மூன்று நாள் விடுமுறை கிடைக்கின்றது. குளிர்சாதன வசதியுள்ள காரில் புறப்பட்டு, நான்கைந்து மணித்தியாலம் ஓட்டிப் பள்ளத்தாக்கை அடைகின்றனர். நேரான நெடுஞ்சாலை, இருமருங்கும் உப்பு வெளியும் மணற்குன்றும், மாலையில் மலைகள் செம்மையும் ஊதாவுமாக நிறம் மாறுகின்றன, இரவில் நகரத்தில் ஒருபோதும் காணாத விண்மீன்கள். இருவரும் அதிகம் பேசுவதில்லை. பேசத் தேவையுமில்லை. இப்பயணம் அவர்களுக்கு நன்மை செய்கின்றது என்பதில் ஐயமில்லை. இவ்வின்பத்தைப் பழிப்பது எனது நோக்கமன்று. இதனுள் அடங்கிக் கிடக்கும் இரண்டு வினாக்களை எடுத்துக்காட்டுவதே நோக்கம். ஒன்று, உடன் வருபவரைப் பற்றியது. மற்றையது, சென்று சேரும் இடத்தைப் பற்றியது.

முதலாவதைக் காண்போம். எந்த மனிதரையும் வெறும் கருவியாக மட்டும் கொள்ளாது, எப்பொழுதும் ஒரு நோக்கமாகவும் கொள்ளவேண்டும் என்பது இம்மானுவேல் கான்ற் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலின் மையக் கருத்து. இதனைத் தொழிற்சாலைக்கும் அரசியலுக்கும் பொருத்திப் பார்க்கும் நாம் விடுமுறைக்குப் பொருத்திப் பார்ப்பதில்லை. துணையோடு ஓய்வெடுக்கச் செல்பவர், அத்துணையைத் தம் ஓய்வின் ஒரு வசதியாக மாற்றிவிடும் அபாயம் மெய்யானது. பயணத்தைத் திட்டமிடுபவர் யார்? உணவையும் உடையையும் மருந்தையும் நினைவாக எடுத்து வைப்பவர் யார்? வீட்டில் விட்டுவந்த முதிய தாயைப் பற்றி இடைவழியில் கவலைப்படுபவர் யார்? இவ்வேலைகள் பெரும்பாலும் பெண்ணின் பங்காகவே அமைந்து, ஓய்வு பெரும்பாலும் ஆணின் பங்காக முடிவதை எந்த நாட்டிலும் காணலாம். அரிஸ்ரோட்டிலின் ஏதென்ஸ் காருக்குள்ளும் அமரக்கூடும். ஒருவர் ஓய்வெடுக்க மற்றவர் உழைக்கும் பயணத்தை இருவரின் ஓய்வு என்று அழைத்தல் உண்மைக்கு மாறானது.

பாலைநிலம் இவ்வினாவைக் கூர்மையாக்குகின்றது. நகரத்திலே ஒருவர் மற்றவரைச் சார்ந்திருப்பது மறைந்திருக்கும். குழாயைத் திறந்தால் நீர், தெருவில் இறங்கினால் உதவி. மரணப் பள்ளத்தாக்கில் ஆளொருவருக்கு நாளொன்றுக்கு நான்கு லீற்றர் நீரேனும் எடுத்துச் செல்லுமாறு பூங்கா நிருவாகம் அறிவுறுத்துகின்றது. பல இடங்களிற் கைத்தொலைபேசிகூட இயங்காது. கார் நின்றுவிட்டால், எஞ்சிய நீரை எவ்வாறு பகிர்வது, யார் நடப்பது, யார் காத்திருப்பது என்பவை அறவியல் வினாக்களாகிவிடுகின்றன. இருவர் ஒருவரையொருவர் எவ்வாறு மதிக்கின்றனர் என்பது விண்மீன்களின் கீழ் அமர்ந்திருக்கும்போது புலப்படுவதைக் காட்டிலும், கடைசிப் போத்தலில் எஞ்சியிருக்கும் நீரை எடுக்கும்போது நன்கு புலப்படும்.

தமிழ் மாணவருக்கு இவ்விடத்தே அகத்திணை மரபு நினைவுக்கு வருதல் இயல்பே. பாலைக்குரிய உரிப்பொருள் பிரிவு. பொருள் தேடிச் செல்லும் தலைவன் தனியே கடப்பதும், பெற்றோர் அறியாது உடன்போகும் தலைவனும் தலைவியும் இணைந்து கடப்பதும் அந்த வெம்மையான வழியையே. இன்பம் நாடிப் பாலைக்குச் செல்லும் காதலரை நமது பழம் புலவர் அறியார். அவர்களுக்குப் பாலை ஒரு சோதனை. அதனுள் ஒருவரை அழைத்துச் செல்வது அவருடைய உயிருக்குப் பொறுப்பேற்பதாகும். இன்று அதே வகையான நிலம் இளைப்பாறும் இடமாக மாறியுள்ளது. நிலத்தின் கொடுமை குறைந்துவிடவில்லை. சாலையும் பெற்றோலும் குளிர்சாதனமும் அக்கொடுமையைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தியுள்ளன. பொறுப்பு மட்டும் பழைய பொறுப்பாகவே இருக்கின்றது. கோடைகாலத்தில் இதனை மறந்து சென்றோர் வெப்பத்தால் மாண்ட செய்திகள் இன்றும் வருகின்றன.

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். பாலைநிலத்தை நாடிச் செல்பவர் அங்கே எதனை நாடுகின்றார் என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் விடை வெறுமை என்பதே. அங்கே ஒன்றும் இல்லை, எவரும் இல்லை. ஆகவே மனம் அமைதியடைகின்றது என்பர். நிலம் உண்மையில் வெறுமையானதா?

மரணப் பள்ளத்தாக்கு திம்பிஷா ஷோஷோனி மக்களின் தாயகம். அம்மலைகளிற் கிடைக்கும் செங்காவி மண்ணின் பெயரே அவர்களது இடத்துக்கும் அவர்களுக்கும் பெயராயிற்று. மாரியில் பள்ளத்தாக்கிலும் கோடையில் உயர்ந்த மலைகளிலுமாக அவர்கள் பருவந்தோறும் இடம்பெயர்ந்து வாழ்ந்தனர். நம்மவர் சீமைக்கருவேலம் என அறியும் மரத்தின் இனத்தைச் சேர்ந்த மெஸ்கீற் மரங்களின் காய்களையும், மலைச்சாரலில் வளரும் பைன் மரங்களின் கொட்டைகளையும் உணவாகக் கொண்டனர். அவர்களுக்கு அது வாழ்வளிக்கும் பள்ளத்தாக்கு. 1849இல் தங்கம் தேடிக் கலிபோர்னியா நோக்கி வந்த ஒரு கூட்டத்தார் வழிதவறி அங்கே அகப்பட்டு அல்லலுற்றனர். அவர்களால் வந்ததே மரணப் பள்ளத்தாக்கு என்னும் பெயர். வழிப்போக்கரின் அச்சம் நிலத்தின் பெயராகியது. அப்பெயர் தம்மை இழிவுபடுத்துவதென அம்மக்களின் தலைவர்கள் கூறி வந்துள்ளனர். நமது பாலைப் பாடல்களிலும் இதற்கு இணையான ஒன்றைக் காணலாம். அங்கே வாழும் எயினரும் மறவரும் ஆறலைக்கும் கள்வராகவே பெரிதும் தோற்றமளிக்கின்றனர். அதுவும் ஊரார் பார்வையன்று, வழிச்செல்வோர் பார்வையே.

பெயரோடு நின்றிருந்தால் இதனைப் பெரிதுபடுத்தவேண்டியதில்லை. 1883 முதல் 1888 வரை அங்கே வெண்காரம் எடுக்கப்பட்டது. சுட்டெரிக்கும் உப்பு வெளியில் அதனைச் சுரண்டிச் சேர்த்தவர்கள் சீனத் தொழிலாளர். கோவேறு கழுதைகள் பூட்டிய பெருவண்டிகள் அதனை ஏறத்தாழ 265 கிலோமீற்றர் தொலைவிலிருந்த புகையிரத நிலையத்துக்கு இழுத்துச் சென்றன. பின்னர், வெண்காரக் கம்பனி ஒன்றே 1927இல் பேர்னஸ் கிறீக் என்னுமிடத்தில் உல்லாச விடுதியைத் திறந்தது. 1933இல் அரசாங்கம் பள்ளத்தாக்கைத் தேசிய நினைவிடமாகப் பிரகடனம் செய்தது. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் அரசின் காணியிற் குடியிருப்போராயினர். 1936இல் அவர்களுக்கு 40 ஏக்கர் நிலத்தில் மண்கல் வீடுகள் கட்டிக்கொடுக்கப்பட்டன. 1950களின் பிற்பகுதியில், கோடைக்கு மலைக்குச் சென்ற குடும்பங்களின் வீடுகளைக் கைவிடப்பட்டவை எனக் கணக்கிட்டு, நீரைப் பீச்சியடித்துக் கரைத்தழித்தனர் பூங்கா அதிகாரிகள். மழை பெய்யாத ஊரில், வீடுகளை அழிக்க நீர் பயன்பட்டது. அவ்வேளையில் விடுதியின் நீச்சற்குளமும் ஈச்சந்தோப்பும் ஊற்று நீரால் நிறைந்திருந்தன. அம்மக்கள் தனியொரு குடியாக அமெரிக்க மத்திய அரசால் ஏற்றுக்கொள்ளப்பட்டது 1983இல். தமக்கென நிலம் பெற்றது 2000ஆம் ஆண்டின் தாயகச் சட்டத்தினால். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட ஏக்கர் அதன்கீழ் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. அதில் ஒரு பகுதி பேர்னஸ் கிறீக்கிலேயே உள்ளது. அவர்கள் இன்றும் அங்கே வாழ்கின்றனர்.

பள்ளத்தாக்குக்குக் கிழக்கே, எல்லை கடந்து நெவாடா மாநிலத்துள், வெறுமை என்னும் கருத்து வேறொரு வடிவம் எடுத்தது. 1951 முதல் 1992 வரை அங்குள்ள பரிசோதனைத் தளத்தில் 928 அணுகுண்டுச் சோதனைகள் நடந்தன. அவற்றுள் 100 திறந்த வெளியில் வெடிக்கப்பட்டவை. மேற்கு ஷோஷோனி மக்கள் 1863ஆம் ஆண்டு உடன்படிக்கையைச் சான்று காட்டித் தமது என உரிமை கோரும் நிலம் அது. ஆளற்ற பாலை என்பதே அவ்விடம் தெரிவு செய்யப்பட்டமைக்குரிய காரணங்களுள் ஒன்று. காற்றுக்குக் கீழ்ப்புறம் யூற்றா மாநிலத்தில் ஊர்களும் பண்ணைகளும் இருந்தன. அம்மக்களுக்காக 1990இல் அமெரிக்கக் காங்கிரஸ் இழப்பீட்டுச் சட்டமொன்றை இயற்ற நேர்ந்தது. நாம் இங்கு குறிப்பாக நோக்கவேண்டிய செய்தி வேறொன்று. 1950களில் லாஸ் வேகாஸ் நகருக்கு விடுமுறையில் வந்தோர், விடியற்காலையில் விடுதி மாடிகளில் நின்று அக்குண்டுகளின் ஒளியையும் காளான் வடிவப் புகையையும் கண்டு களித்தனர். அது அவர்களது பொழுதுபோக்கின் ஓர் அங்கமாயிருந்தது. அவர்கள் கொடியவர்கள் அல்லர். நாம் கற்பனை செய்த தம்பதியரைப் போன்றே களைப்பாற வந்தவர்கள். அங்கே எவரும் இல்லை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதனை நம்புவது அவர்களுக்கு வசதியாகவும் இருந்தது.

வெறுமை என்பது நிலத்தின் இயல்பன்று, பார்ப்பவரின் ஒரு தீர்ப்பு என்பதை இவை உணர்த்துகின்றன. அத்தீர்ப்பைக் குண்டு வைப்பவரும் வழங்குகின்றார். ஓய்வெடுக்கச் செல்பவரும் வழங்குகின்றார். இருவருடைய செயலும் ஒன்றல்ல. அவ்வாறு கூறுவது அநீதியாகும். ஆயினும் இருவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகின்றனர். ஒருவருடைய சொற்பழக்கம் மற்றவருடைய செயலுக்கு இடமளிக்கின்றது. ஓர் இடத்தில் எவரும் இல்லை என்று பல்லாயிரம் பேர் இன்பமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பின்னர், அங்கே எதனைச் செய்தாலும் கேட்பாரில்லை என்ற நிலை உருவாகின்றது.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். இவற்றையெல்லாம் நினைத்துக்கொண்டு ஒருவர் ஓய்வெடுக்க முடியுமா? ஓய்வு என்பதே சிறிது நேரம் மறந்திருத்தல் அல்லவா? உலகின் எந்த மண்ணைத் தோண்டினாலும் ஒரு துயரம் கிடைக்கும். அவையனைத்தையும் சுமந்துகொண்டு செல்பவருக்கு விடுமுறை எதற்கு? அன்றாடம் அலுவலகத்தில் அல்லற்படும் இரு சாதாரண மனிதர்மீது வரலாற்றின் பழியையெல்லாம் சுமத்துவது அறவியல் அன்று, கொடுமை என்று கூறுவோர் உளர்.

இத்தடையில் உண்மை உண்டு. அவ்விளந்தம்பதியர் எவருடைய வீட்டையும் கரைக்கவில்லை. குற்றவுணர்ச்சி அவர்களிடம் கோரப்படவேண்டியதன்று. குற்றவுணர்ச்சியால் திம்பிஷா மக்களுக்கு எவ்விதப் பயனும் இல்லை. மேலும், குற்றவுணர்ச்சி பல வேளைகளில் தன்னைப் பற்றியே சிந்திக்கும் ஒரு வழியாகிவிடுகின்றது. ஆனால், மறத்தலே ஓய்வு என்னும் கருத்தை ஏற்கவேண்டுமா? மறதியால் வரும் அமைதி மயக்க மருந்தால் வரும் அமைதியை ஒத்தது. மருந்தின் வலு தீர்ந்ததும் அது கலைகின்றது. ஆதலால் மீண்டும் மீண்டும் புதிய வெறுமைகளைத் தேடி ஓடவேண்டியுள்ளது. அரிஸ்ரோட்டிலின் பாகுபாட்டின்படி இதனை ஓய்வு என்று கூறுவதற்கில்லை. இது மீண்டும் உழைப்பதற்காகச் சிறிது உறங்கி எழுதல்.

மறதியும் குற்றவுணர்ச்சியும் அல்லாத மூன்றாவது வழியொன்று நமக்கு நன்கு பழக்கமானது. அதுவே விருந்தினரின் நிலை. விருந்து என்னும் சொல் முதலிற் புதுமையைக் குறித்துப் பின்னர்ப் புதிதாய் வந்தவரைக் குறித்தது என்பர். பிறர் வீட்டுக்கு விருந்தாகச் செல்பவர் அவ்வீட்டில் ஆளில்லை என்று எண்ணுவதில்லை. ஆளிருப்பதனாலேயே அவர் விருந்தினராகின்றார். அவ்வீடு தமதன்று என்பதை அறிந்தே அங்கு அமர்கின்றார். கிணறு எங்கே, எத்திண்ணையில் இருக்கலாம், எவ்வறைக்குள் நுழையலாகாது என்று கேட்டறிகின்றார். வீட்டாரின் பெயரையும் துன்பத்தையும் ஓரளவு அறிந்திருக்கின்றார். இவ்வறிவு அவருடைய ஓய்வைக் கெடுப்பதில்லை. ஆளற்ற வீட்டினுள் நுழைந்து தங்குபவரைக் காட்டிலும் விருந்தினரே நிம்மதியாக உறங்குகின்றார்.

பாலைநிலப் பயணிக்கு இதன் பொருள் யாது? பெரிய தியாகம் எதுவும் கேட்கப்படவில்லை. தாம் தங்கும் இடத்தின் பழைய பெயரையும், அங்கு வாழ்வோர் இன்னும் வாழ்கின்றனர் என்பதையும் அறிந்துகொள்ளுதல். அவர்களுடைய குடியிருப்பைக் காட்சிப்பொருளாக்காதிருத்தல். நீரை அளந்து பயன்படுத்துதல். வகுத்த பாதையை விட்டு வண்டியை இறக்காதிருத்தல். இவற்றுள் இறுதியானது சிறிய விடயமன்று. 1942 முதல் 1944 வரை மோஹாவிப் பாலையிற் போர்ப்பயிற்சி செய்த தாங்கிகளின் தடங்கள் இன்றும் அங்கே தெரிகின்றன. ஈரநிலத்தில் ஒரு மாரிக்குள் மறைந்துவிடும் சுவடு பாலையில் தலைமுறைகளைக் கடந்து நிற்கின்றது. வெறுமையென நாம் கருதும் நிலமே நமது செயலை நெடுங்காலம் நினைவில் வைத்திருக்கின்றது. எட்வேட் அபி என்ற அமெரிக்க எழுத்தாளர் பாலைநிலத் தனிமை பற்றி 1968இல் வெளியிட்ட நூலில், தேசியப் பூங்காக்களுக்குள் தனியார் கார்களையே விடலாகாது என்று வாதிட்டார். நடக்க இயலாத முதியோருக்கும் நோயாளருக்கும் இது நீதியாகுமா என்று கேட்கலாம். ஆயினும், காருக்குள் இருந்தபடி பார்க்கும் நிலமும் காலால் நடந்து அறியும் நிலமும் வேறு வேறு என அவர் கூறியதை மறுத்தற்கில்லை.

விருந்தினரின் நிலை முதல் வினாவுக்கும் விடை தருகின்றது. உடன் வரும் துணையும் ஒருவகையில் நமக்கு உரிமையற்ற நிலமே. நெடுநாட் பழகியவரை நாம் முற்றாக அறிந்துவிட்டோம் எனக் கருதுகின்றோம். அவருடைய மௌனத்தை வெறுமையென்று கொண்டு அதனுள் நமது விருப்பங்களை நிரப்புகின்றோம். நீண்ட சாலையில் அருகமர்ந்து ஒன்றும் பேசாது வருபவர் அமைதியில் இருக்கின்றாரா, களைத்திருக்கின்றாரா, எதனையோ சொல்லத் தயங்குகின்றாரா என்பதை நாம் கேட்டே அறிதல் வேண்டும். கேட்பதற்கு நேரம் வேண்டும். அந்த நேரமே ஓய்வு நமக்குத் தரும் பெருங்கொடை. உழைக்கும் நாட்களில் ஒருவரையொருவர் பயன்படுத்தியே வாழ நேர்கின்றது. நேரத்தைச் சொல், பிள்ளையை அழைத்து வா, கட்டணத்தைச் செலுத்து என்பனவே உரையாடலாகின்றன. பயன் எதுவும் வேண்டாது ஒருவரை நோக்க வாய்க்கும் சில நாட்களையும் தன் களைப்பைத் தீர்க்கும் கருவியாகவே அவரைக் கொண்டு கழிப்பவர், மூன்று நாள் விடுமுறையும் வேலையிலேயே இருந்தவராவார்.

ஆகவே, ஓய்வு அறத்துக்கு அப்பாற்பட்டதன்று என்பதே எனது முடிபு. எவரும் இல்லாத இடத்துக்குத் தப்பிச் செல்லுதல் என்று நாம் அதனை விளங்கிக்கொள்ளும்வரை, எவரையாவது இல்லாதவராக்கியே அதனைப் பெறவேண்டியிருக்கும். ஏதென்ஸ் நகரத்தில் அடிமைகள் அவ்வாறு இல்லாதவராயினர். மரணப் பள்ளத்தாக்கில் அதன் குடிகள் அவ்வாறாயினர். காரின் மறு ஆசனத்தில் அமர்ந்திருப்பவரும் அவ்வாறு ஆகக்கூடும். பிறருடைய இருப்பை ஏற்றுக்கொண்டு அவர்களிடையே சிறிது காலம் அமர்ந்திருத்தல் என்று அதனை விளங்கிக்கொண்டால், எவருக்கும் இழப்பின்றி அதனைப் பெறமுடியும். பரீட்சை முடிந்து நாமும் பயணங்களுக்குப் புறப்படுகின்றோம். செல்லும் இடத்தில் என்ன பார்க்கலாம் என்று விசாரிப்பதோடு, அங்கே யார் இருக்கின்றார்கள் என்றும் விசாரித்துக்கொண்டு புறப்படுவது நன்று.